அயித்தைக்கு டில்லியில் எழுதிக் கொடுத்த உரிமை

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்? டில்லியிலேயே எழுதியாச்சாம்!"

என் அயித்தை வெள்ளச்சி எழுந்து நின்று இப்படிக் கத்தியபோது, அவள் மடியில் இருந்த கடலைத் தொலி அத்தனையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் கொட்டியது. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. அயித்தை அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஊர்த் தலைவர் அம்பலக்காரர் வீட்டுக்கு எதிர்ப் பொட்டலில் ஒரு கட்டை வண்டி. காளைகளை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியைக் கல்லில் தாங்க வைத்திருந்தார்கள். அதன்மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தவர் புதுக்கோட்டையிலிருந்து வந்த வக்கீல். கஞ்சி போட்ட கதர்ச்சட்டை, கழுத்தில் வேர்வை. ஒரு கிழவி எழுந்து ஆரவாரம் செய்ததும், தன் பேச்சுக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்து, கை கூப்பிச் சிரித்தார்.

என் தலைக்கு உலை வைத்துவிட்டோம் என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

போன வாரம் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "இந்த அம்மாவுக்குப் பயமே இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தாராம். பத்திரிகைத் தம்பி சொன்னார். பயந்திருந்தால் எழுத்துக்கூட்டி இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். கொழும்புக்காரன் ஒருவன் பேரில் தாலியைக் கட்டிக்கொண்டு வயல் காத்துக் கிடந்திருப்பேன்.

அதைச் சொல்வதற்கு முன்னால், டில்லிச் சொற்கள் எங்கள் ஊரில் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

களத்துக்கு வந்த சுதந்திரம்

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி. அந்தப் பக்கத்தில் சுதந்திரம் என்றால் நெல். துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், கொல்லர், தச்சர் என்று ஊருக்கு வேலை செய்கிறவர்களுக்கு அறுப்பு முடிந்ததும் களத்தில் அளந்து போடுகிற பங்குக்குத்தான் அந்தப் பெயர். "களத்துச் சுதந்திரம் வாங்கியாச்சா?" என்று தை மாதத்தில் கேட்டுக்கொள்வார்கள்.

வெள்ளைக்காரன் போன வருஷம், ஆடிக் கடைசியில் தமுக்கு அடித்தார்கள். "சுதந்திரம் வந்துருச்சு! எல்லாரும் பொட்டலுக்கு வாங்க!" துணி வெளுக்கும் மாரியாயி ஓலைக் கொட்டானைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அறுப்புக்கு இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு! அதுக்குள்ள யாரு களத்துல நெல்லு அளக்குறது?"

அம்பலக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "டில்லியில அளக்குறாங்க. போயி வாங்கிக்க" என்றார். ஊரே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். மாரியாயி சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் தை மாதத்தில் தெரிந்தது. களத்தில் அவள் கொட்டானை நீட்டியபோது அம்பலக்காரர் பாதி மரக்காலோடு கையை நிறுத்திக்கொண்டார். "அதான் ஒங்களுக்கெல்லாம் டில்லியிலேர்ந்து சுதந்திரம் வந்துருச்சே. இன்னும் இங்கிட்டு வந்து நிக்கிற?"

சிரிப்புக்குச் சொன்ன சொல்லை வைத்தே வயிற்றில் அடிக்கிற சாமர்த்தியம் பெரிய மனிதர்களுக்குத்தான் வரும்.

மறுநாள் மாரியாயி அவர் வீட்டு அழுக்கு மூட்டையை அப்படியே கொண்டுவந்து வாசலில் இறக்கினாள். "அழுக்கையும் டில்லிக்கே அனுப்பிருங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்பலக்காரர் கசங்கின வேட்டியோடு ஊருக்குள் நடந்தது எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை. நெல் முழு மரக்காலாக அளக்கப்பட்டது. அது மட்டும் தெரியும்.

பிறந்த அன்றே போட்ட பூட்டு

உரிமை என்ற சொல்லும் அப்படித்தான். எங்கள் ஊரில் அதற்கு ஒரே பொருள். பெண் பிறந்தால், அவள் அயித்தை மகனுக்கு அவள்மேல் உரிமை. வேறு இடத்தில் கொடுக்க வேண்டுமானால் அவன் விட்டுக்கொடுக்க வேண்டும். அவன் நொண்டியா, குடிகாரனா, ஊரில் இருக்கிறானா என்பதெல்லாம் பேச்சில்லை.

நான் பிறந்த அன்று, என் வாயில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தவள் வெள்ளச்சி அயித்தைதான். அய்யாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அவள் கூடப்பிறந்த அக்காள். "எம்மகன் சாத்தையாவுக்குப் பொண்டாட்டி பொறந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே தொட்டு வைத்தாளாம். அதற்குப் பிறகு சர்க்கரைத் தண்ணீர் எனக்குப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

சாத்தையா மச்சான் இளவட்டத்திலேயே கொழும்புக்குப் போனவர். சுருட்டுக் கடையில் வேலை. அங்கே ஒருத்தியோடு குடித்தனம், பிள்ளைகளும் உண்டு என்று போய்வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆள் கொழும்பில் இருந்தார். உரிமை மட்டும் எங்கள் வீட்டு வாசலில் வந்து வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது.

அயித்தைக்கு என்மேல் அப்படி ஒன்றும் ஆசை கிடையாது. அய்யாவுக்கு நான் ஒருத்திதான். கண்மாய் மடைக்குக் கீழே முதல் தண்ணீர் பாய்கிற வயல் எங்களுடையது. அந்த வயலுக்குக் கால் முளைத்தால் அது அயித்தை வீட்டுக்கு நடந்து போயிருக்கும். முளைக்காததால் என்னை நடக்கச் சொன்னார்கள்.

அய்யா ஒரு வருஷமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். திருமயத்தில் இருந்து ஒரு குடும்பம் பெண் கேட்டு வந்தது. பையன், கரியில் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். அவர்களுக்கு அய்யா பாதி வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பையனையும் நான் பார்த்ததில்லை. என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை. ஆனாலும், கொழும்பில் ஒருத்தி சமைத்துப் போட, இங்கே நான் தாலியைக் கட்டிக்கொண்டு மாமியாருக்கு வயல் காக்கிற பிழைப்பைவிட எதுவும் மேல் என்று இருந்தேன்.

"சாத்தையா அங்க குடும்பம் வச்சிருக்கானேக்கா" என்று அய்யா ஒரு தடவை வாய் விட்டுக் கேட்டுவிட்டார்.

"கொழும்புல இருக்குறது கொழும்போட. இங்கிட்டு இருக்குறதுதாண்டா குடும்பம்" என்றாள் அயித்தை.

வண்டிமேல் நின்றவர் சொன்னது

சமஸ்தானம் போய், ராஜா போய், நாங்களும் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆகியிருந்த சமயம் அது. வக்கீல் இப்படிப் பேசினார். எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

"மகா ஜனங்களே! டில்லியில் பெரியவர்கள் உட்கார்ந்து இந்தத் தேசத்துக்குச் சட்டம் எழுதுகிறார்கள். அதில் அடிப்படை உரிமை என்று ஒன்று வருகிறது. அது ஒருவர் கொடுத்து வருவதல்ல. பிறக்கும்போதே கூட வருவது! ராஜாவே நினைத்தாலும் அதைப் பறிக்க முடியாது! பறித்தால் கோர்ட்டுப் படி ஏறலாம்!"

வரிக்கு வரி அயித்தை எங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்ததேதான். பிறக்கும்போதே வருவது. யாரும் பறிக்க முடியாது. அதைத்தான் கதர்ச்சட்டை போட்டுக்கொண்டு, வண்டிமேல் நின்று, டில்லியைச் சாட்சி வைத்து ஒருவர் சொல்கிறார். கிழவி துள்ளாமல் என்ன செய்வாள்?

"டேய் தம்பி, கேட்டியாடா? நான் சொன்னா கசந்துச்சுல்ல? இப்ப சர்க்காரே சொல்லிப்புடுச்சு. எம்மகன் உரிமையைப் பறிச்சா கோர்ட்டுக்குப் போகலாமாம்டா!"

கூட்டத்தில் ஒருவருக்கும் அவள் சொன்னது தப்பாகத் தெரியவில்லை. "அட, நம்ம வழக்கத்தை டில்லி வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கானே!" என்று ஒருவர் மூக்கில் விரலை வைத்தார். இன்னொருவர், அப்படியானால் தன் மாமன் மகளைப் பொன்னமராவதியில் கட்டிக்கொடுத்ததற்குப் பிராது போடலாமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பெண்கள் கூட்டத்தில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்று அய்யாவைப் பார்த்தேன். முகம் செத்துப்போய்விட்டது. அக்காளுக்குப் பயப்படாமல் ஒரு வருஷம் தாக்குப் பிடித்த மனிதர், சர்க்கார் என்றதும் ஒரு நொடியில் சாய்ந்துவிட்டார்.

அம்பலக்காரர் காரியத்தை முடித்து வைத்தார். "பெறகென்னப்பா? கோர்ட்டு கச்சேரின்னு அலையவா போற? பொழுது சாய வெத்தலை மாத்திப்புடுவோம். வக்கீலய்யாவுக்குச் சாயங்காலந்தான் பஸ்ஸு. அவருகளும் இருந்து ஆசீர்வாதம் பண்ணட்டும்."

வக்கீல் அதற்கும் கை கூப்பினார்.

மோர்ச் சொம்பு

மத்தியானம் வக்கீலுக்கு அம்பலக்காரர் வீட்டில் சாப்பாடு. பரிமாற ஆள் போதவில்லை என்று எங்கள் வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மோர் ஊற்றுவது என் பொறுப்பு.

மோருக்குச் சோற்றைக் குழி பண்ணி வைத்துக்கொண்டு வக்கீல் நிமிர்ந்தார். நான் சொம்பைச் சாய்க்காமல் நின்றேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"பொறக்குறப்பவே வர்ற உரிமைன்னு சொன்னீங்களே. அது பொண்ணு மேல இருக்குற உரிமைங்களா, பொண்ணுக்கு இருக்குற உரிமைங்களா?"

வக்கீலுக்கு முதலில் விளங்கவில்லை. அயித்தை எதற்காகத் துள்ளினாள், பொழுது சாய எதற்கு வெற்றிலை மாற்றப்போகிறார்கள் என்று நான் சொன்ன பிறகு, சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"அடடா! அது அந்த உரிமை இல்லையேம்மா. ஆணும் பெண்ணும் சமம்னு எழுதுறாங்க. ஒனக்கும் உண்டு அது."

நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது எனக்கு. "அப்படின்னா சபையில அத ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கய்யா. எங்க அயித்தை சொல்றது தப்புன்னு சொல்லுங்க. எங்கய்யாவுக்கு அது போதும்."

வக்கீல் பதில் சொல்வதற்கு முன்னால் பக்கத்து இலையைப் பார்த்தார். அங்கே அம்பலக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். நொறுக்குகிற கை நின்றிருந்தது.

"அது வந்தும்மா... குடும்ப விவகாரம் பாரு. பழக்க வழக்கத்துல நாங்க வெடுக்குன்னு தலையிடக் கூடாது. காலப்போக்குல எல்லாம் சரியாகும்."

ராஜாவே நினைத்தாலும் பறிக்க முடியாத உரிமையைப் பக்கத்து இலை அம்பலக்காரர் அப்பளத்தோடு சேர்த்து நொறுக்கிவிட்டார். வண்டிமேல் நின்றால்தான் வக்கீலுக்கு வீரம். சாப்பாட்டுப் பலகையில் உட்கார்ந்தால் அது வேர்வையோடு போய்விடும் போலிருக்கிறது.

"மோர் ஊத்தும்மா" என்றார்.

ஊற்றினேன். மேலே நின்ற தெளிவுத் தண்ணீரை மட்டும்.

காம்பு கிள்ளியது

பொழுது சாயும்போது பொட்டலில் ஜமுக்காளம் விரித்தார்கள். நடுவில் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய். ஒரு பக்கம் அயித்தை, பட்டுச் சேலையில். அது கொழும்பிலிருந்து வந்தது என்று ஊருக்கே காட்டினாள். இன்னொரு பக்கம் அய்யா. அம்பலக்காரருக்குப் பக்கத்தில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வக்கீல். எந்த நேரமும் பஸ் வந்துவிடும் என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உரிமைக்காரனுக்குப் பெண் வேண்டாம் என்றால், சபையில் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளிப்போட்டு, திரும்ப வைத்துவிடுவான். உரிமை கழித்துவிட்டான் என்று பொருள். அதற்குப் பிறகு பெண்ணை யாருக்கும் கொடுக்கலாம். காலகாலமாக அந்தக் காம்பைக் கிள்ளியவை ஆண் கைகள்தான்.

அம்பலக்காரர் தட்டை எடுக்கக் குனிந்தார். நான் ஜமுக்காளத்தின் ஓரத்தில் போய் நின்றேன்.

"ஏத்தா அடைக்கம்மை, பொம்பளப்புள்ள சபையில வந்து நிக்கிறதா? உள்ள போ."

"போறேன் பெரியப்பா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். சாத்தையா மச்சானுக்கு நான் உரிமைன்னா, எனக்கு மச்சான் உரிமைதானுங்களே?"

"ஆமா, இதென்ன கேள்வி? கொண்டான் குடுத்தான்னா ரெண்டு பக்கமுந்தான்."

"உரிமை உள்ளவங்க வேண்டாம்னா கழிக்கலாங்களா?"

"கழிக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது. "கழிக்கலாந்தான். ஆனா அது ஆம்பளை செய்யிற காரியம்."

நான் வக்கீல் பக்கம் திரும்பினேன். ரோட்டில் பஸ்ஸின் கரிப்புகை வாடை வர ஆரம்பித்திருந்தது. அவர் பாதி எழுந்துவிட்டார்.

"வக்கீலய்யா, காலையில ஊருக்கே சொன்னீங்க. பொறக்குறப்ப வர்றதுன்னு. அது ஆம்பளைக்கு மட்டும்னு டில்லியில எழுதியிருக்காங்களா?"

காலையில் கேட்ட அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். வைக்கோல் போர்ப் பக்கம் நின்ற பெண்களும் பார்த்தார்கள். அதில் மாரியாயியும் இருந்தாள். பலகையில் சொன்ன பதிலைச் சபையில் சொல்ல முடியாது. சொன்னால், காலையில் பேசியது பொய்.

"அப்படி... எழுதலை" என்றார்.

"எழுதலைங்களா? எழுத மாட்டாங்களா?"

"எழுத மாட்டாங்கம்மா" என்றார். வேறு வழியில்லாமல் சொன்னார். அதற்காக அவருக்கு மாலை போட நான் தயாரில்லை.

நான் குனிந்து தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தேன். நல்ல இளசு. காம்பைக் கிள்ளிப் போட்டு, இலையைத் திரும்ப வைத்தேன்.

அயித்தைதான் முதலில் வாய் திறந்தாள். "அடி சிறுக்கி! எம்மகனைக் கழிக்கிறதுக்கு நீ யாருடி?"

"ஒங்க மகனோட உரிமைப் பொண்ணு, அயித்தை" என்றேன்.

பெண்கள் பக்கம் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். அதைத் தொட்டு இன்னொருத்தி. பிறகு ஆண்களும் சிரித்தார்கள். அம்பலக்காரர் தாமாகச் சொன்ன வார்த்தையைத் தாமே விழுங்க முடியாமல், தேங்காயை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் பஸ்ஸுக்கு ஓடினார்.

என்னைக் கழித்தவர்கள்

இதைப் படித்துவிட்டு, ஊரே என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருக்கும் என்று நினைத்தால், நீங்கள் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை.

அயித்தை அதோடு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அது லாபம். திருமயத்துக் குடும்பம், "சபையில ஏறிப் பேசுன பொண்ணு எங்க வீட்டுக்கு ஆகாது" என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பியது. பஸ்ஸில் ஊரெல்லாம் ஏற்றி இறக்குகிற வீட்டுக்கு, பேசுகிற பெண் ஆகாதாம். நல்லது என்றேன். வக்கீல், அடுத்தடுத்த ஊர்க் கூட்டங்களில், "என் பேச்சைக் கேட்ட ஒரு கிராமத்துப் பெண் அன்று மாலையே தன் உரிமையை நிலைநாட்டினாள்" என்று பேசி நிறையக் கைதட்டு வாங்கினாராம். மோரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்.

அய்யா என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், சொம்பு வைத்தால் குடிப்பார், ஏறிட்டுப் பார்க்க மாட்டார். மடையைத் திறக்கப் போனாலும் சந்து வழியாகத்தான் போனார். என்னைப் பெற்ற ஆத்தா அழுதாள். அழுகைக்கு நடுவில், "வெத்தலையை எடுத்தியே, ஒரு பாக்கையும் சேத்து எடுத்திருக்கலாம்ல, ஒத்தையா வைக்கக் கூடாதுல்ல" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

அப்படியே ஒரு அறுப்புப் போனது. டில்லியில் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஒரு காலை, நான் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அய்யா வந்து நிலைக்கு வெளியே நின்றார். ஆத்தா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அய்யா பானையைப் பார்த்துப் பேசினார்.

"மீமிசல்லேர்ந்து கேட்டு வந்திருக்காங்க. பலசரக்குக் கடை. நல்ல குடும்பம்னு சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?"

"என்னைய ஏன் கேக்குறீங்க?" என்றாள் ஆத்தா. "கட்டிக்கப் போறது நானா?"

அய்யா தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். மறுபடி எடுத்துத் தலையில் கட்டினார். ஏர் பிடித்து இறுகிப்போன கை, துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. எங்கள் வம்சத்தில் அதுவரை எந்த ஆணும் கேட்டிராத கேள்வி. வாய்க்குப் பழக்கமில்லை.

"ஒனக்கு... ஒனக்கு எப்படித்தா? சம்மதமா?"

இத்தனை காலம் காத்திருந்து வந்த கேள்வி, கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று இருந்தேன். கழுநீரைத் தொட்டியில் ஊற்றினேன். அரிசியை உலையில் போட்டு, தட்டு வைத்து மூடினேன்.

"அவரை ஒருநாள் இங்கிட்டு வந்து எங்கூடப் பேசச் சொல்லுங்கய்யா. பேசிப் பாத்துட்டுச் சொல்றேன்."

அய்யா நிலையைப் பிடித்துக்கொண்டு, பல நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. சட்டம் தெரியாமல் எங்காவது மாட்டிக்கொள்வோமோ என்ற பயந்தான் இருந்தது.

"இதையும் டில்லியில எழுதுறாங்களாத்தா?"

"இல்லைங்கய்யா" என்றேன். "இது நான் சொல்றது."